டான்யூப் நதியில் ஏழு இரவுகள்: எழுபதைக் கடந்தவர்களின் கப்பல் பயண அனுபவங்கள்

வைகைக்கரை எழுதியது:

என் கணவருக்கு வயது 76, எனக்கு 70. அவர் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர்; வலது முழங்காலுக்கு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். சென்ற செப்டம்பரில் ஜெர்மனியின் பாஸாவ் நகரில் கப்பலேறி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா வழியாக ஹங்கேரியின் புடாபெஸ்ட் வரை டான்யூப் நதியில் ஏழு இரவுகள் பயணம் செய்தோம். எங்கள் வயதுக்காரர்கள் இதைப் பற்றி விசாரிக்கும்போதெல்லாம், "கப்பல் என்றால் அலைச்சல் இல்லையே" என்றுதான் தொடங்குகிறார்கள். பெட்டியை ஒருமுறை பிரித்து வைத்துவிட்டால் இறங்கும் நாள்வரை அதைத் தொட வேண்டியதில்லை என்பது உண்மைதான். கடல் கப்பலின் ஆட்டமும் இல்லை; டம்ளரில் வைத்த தண்ணீர்கூடத் தளும்பவில்லை. ஆனால் முழங்கால் என்ன பாடுபடும் என்பது, அறை எந்தத் தளத்தில் இருக்கிறது, கப்பலை எந்தக் கரையில் எப்படிக் கட்டுகிறார்கள் என்பவற்றைப் பொறுத்தது. அதை எங்களுக்கு முன்கூட்டிச் சொல்ல யாரும் இல்லாததால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதல் தவறு எங்களுடையது. இந்தக் கப்பல்கள் பெரும்பாலும் 110 அல்லது 135 மீட்டர் நீளம் கொண்டவை; அகலமோ பதினொன்றரை மீட்டருக்கும் சற்றுக் குறைவு. ரைன் நதியையும் டான்யூபையும் இணைக்கும் கால்வாயில் கப்பலை ஏற்றி இறக்கும் லாக்குகள் 12 மீட்டர் அகலமே உள்ளவை என்பதாலும், வழியில் உள்ள பாலங்கள் தாழ்வானவை என்பதாலும், அகலத்தையோ உயரத்தையோ கூட்ட வழியில்லை. ஆகவே அறைகளை மூன்று தளங்களில் நெருக்கி அடுக்குகிறார்கள். கீழ்த்தளத்தின் பெரும்பகுதி நீர்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. விலை குறைவு என்று நாங்கள் அதைத்தான் எடுத்தோம். கூரையை ஒட்டி, திறக்க முடியாத ஒரு நீண்ட சன்னல். ஒரு விடியற்காலையில் அன்னப் பறவை ஒன்று என் கண்ணுக்கு நேராக நீந்திப் போனது. அந்தச் சன்னலால் கிடைத்த பயன் அது ஒன்றே. மின்தூக்கி நடுத்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் இடையில் மட்டும் ஓடியது. எங்கள் அறைக்கும் படி, திறந்த மொட்டைத் தளத்துக்கும் படி. சாப்பாட்டுக்கு மூன்று வேளை, ஊர் பார்க்க ஒரு வேளை, மாலையில் காற்று வாங்க ஒரு வேளை என்று என் கணவர் ஏறிய படிகளைக் கணக்கிட்டால், மிச்சம் பிடித்த பணம் அத்தனையும் முழங்கால் பட்டைக்கும் தைலத்துக்கும் போயிருக்க வேண்டும்.

இரண்டாவது, கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டும் வழக்கம். துறையில் இடம் போதாதபோது ஒரு கப்பலோடு மற்றொன்று என்று மூன்று நான்கு கப்பல்களை வரிசையாகப் பிணைத்துவிடுகிறார்கள். வியன்னாவில் நாங்கள் மூன்றாவது. கரைக்குப் போக வேண்டுமானால் மற்ற இரண்டு கப்பல்களின் வரவேற்புக் கூடங்களுக்குள் புகுந்து நடக்க வேண்டும். தளங்களின் உயரம் ஒத்துவராத நேரத்தில் மொட்டைத் தளத்துக்கு ஏறி, அங்கிருந்து அடுத்த கப்பலின் மொட்டைத் தளத்துக்குத் தாண்டி, மறுபடியும் இறங்க வேண்டும். தனிப் பால்கனிக்காகக் கூடுதல் பணம் கொடுத்திருந்த ஓர் ஆங்கிலேயத் தம்பதியர், திரையை விலக்கியதும் எதிர்க் கப்பலில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்ததாகச் சொல்லிச் சிரித்தார்கள். எங்கள் கீழ்த்தளத்துக்கு அந்தக் காட்சியும் இல்லை.

வியன்னாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். டான்யூப் அந்நகரின் நடுவே ஓடுவதாகத்தான் நானும் எண்ணியிருந்தேன். 1870 முதல் 1875 வரை நதியைத் திருத்தி நேராக்கியபோது வெட்டிய புதிய படுகையில்தான் இன்றைய நீரோட்டம் இருக்கிறது; கப்பல்கள் ரைஷ்ஸ்ப்ருக்கே பாலத்தருகே நிற்கின்றன; பழைய நகரம் அங்கிருந்து நடக்கும் தூரத்தில் இல்லை. கப்பல் நிறுவனத்தின் பேருந்தில் நாற்பது பேரோடு ஓட முடியாது என்று தோன்றியதால், ஃபோர்கார்ட்டன்ஸ்ட்ராஸே நிலையத்துக்கு மெதுவாக நடந்து, யு1 மெட்ரோவில் ஏறி, நான்காவது நிறுத்தமான ஷ்டெஃபான்ஸ்பிளாட்ஸில், பழைய நகரின் புனித ஸ்தேவான் தேவாலயத்தின் வாசலிலேயே இறங்கினோம். அவசரப்படுத்த யாரும் இல்லாத அந்த முற்பகல்தான் பயணத்திலேயே எங்களுக்குப் பிடித்த நகர உலா.

மெல்க் மடாலயத்துக்குக் குழுவோடு போனோம். 1089 முதல் பெனடிக்ட் துறவிகள் வாழ்ந்துவரும் இடம் அது. நூலகத்தின் அழகில் மெய்மறந்து நிற்கும்போதே அங்கிருந்து தேவாலயத்துக்குக் குறுகலான சுழற்படிக்கட்டில் இறங்கச் சொன்னார்கள். காதில் மாட்டியிருந்த ஒலிக்கருவியில் வழிகாட்டியின் குரல் முன்னே போய்க்கொண்டிருக்க, என் கணவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். பின்னால் வந்தவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். அன்று மாலை அவர் ஒரு முடிவுக்கு வந்தார். மறுநாள் ட்யூர்ன்ஷ்டைனில், 1192இன் இறுதியில் இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டைச் சிறை வைத்த கோட்டை இடிபாட்டுக்கு எல்லாரும் மலையேற, இவர் கப்பலிலேயே இருந்துவிட்டார். திரும்பி வந்த நான் களைத்திருந்தேன். இவரோ மொட்டைத் தளத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, எதிர்க்கரைத் திராட்சைச் சரிவுகளில் அறுவடை செய்பவர்களைப் பார்த்தபடி, சர்க்கரை நோயாளி என்பதை வசதியாக மறந்து வாக்கவ் பகுதியின் பெயர்பெற்ற பாதாமி ஜாம் தடவிய கேக்கைத் தின்றுகொண்டிருந்தார்.

அவருக்கு ஒரு விளையாட்டும் கிடைத்திருந்தது. கரையோரக் கிலோமீட்டர்ப் பலகைகளை ரைன் நதியில் மேலிருந்து கீழாக எண்ணுவார்கள். டான்யூபில் கருங்கடல் முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கி எண்ணுகிறார்கள். பாஸாவில் ஏறத்தாழ 2226 என்று தொடங்கியது வியன்னாவில் 1929 ஆகிவிடுகிறது. போகப்போகக் குறையும் இந்த எண்களையும், ஒவ்வொரு லாக்கிலும் கதவு மூடி நீர் வடிந்து மறுகதவு திறக்கும் நேரத்தையும் சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வந்தார். பிராடிஸ்லாவாவைக் கடந்தபின் வரும் காப்சிக்கோவோ லாக்கில் கப்பல் ஏறத்தாழ 20 மீட்டர் கீழே இறங்குகிறது. ஆறு மாடி உயரக் கான்கிரீட் சுவர் ஈரம் சொட்ட எங்கள் இருபுறமும் எழுந்ததைப் பார்த்து, பக்கிங்காம் கால்வாயில் பாழடைந்து கிடக்கும் லாக்குகளை நினைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் நின்றார். அப்போது இரவு பதினொரு மணி; ஊர் பார்க்கப் போன ஒரு நாளிலாவது அவரால் அந்நேரம்வரை விழித்திருக்க முடிந்திருக்குமா என்பது ஐயம்.

ஓய்வூதியன் எழுதியது:

வணக்கம் அம்மா. தளத்தைப் பற்றித் தாங்கள் எழுதியவற்றோடு மாதத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கருதுகிறேன். நானும் என் மனைவியும் 2018 அக்டோபரில் ரைன் நதியில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பாசல் வரை செல்லப் பதிவு செய்திருந்தோம். அந்த ஆண்டின் நீண்ட வறட்சியால் காவுப் என்னும் இடத்தின் நீர்மட்ட அளவுகோல் 25 சென்டிமீட்டருக்கு இறங்கிவிட்டது. அது நதியின் முழு ஆழத்தைக் காட்டும் எண் அன்று. கப்பல் செல்லும் தடத்தில் அதைவிட ஒரு மீட்டருக்கு மேல் கூடுதலாக நீர் இருக்கும். இருந்தும் எங்கள் கப்பலுக்கு அது போதவில்லை.

கொலோனில் நான்காம் நாள் காலை எங்களை இறக்கினார்கள். "பெட்டியை ஒருமுறை பிரித்தால் போதும்" என்ற வாக்குறுதி அங்கே முடிந்தது. பெட்டிகளைக் கட்டிக்கொண்டு பேருந்தில் ஏறி, ஆழமற்ற பகுதிக்கு அப்பால் காத்திருந்த வேறொரு கப்பலுக்குப் போனோம். அறை எண் அதே, மெத்தையும் அதே மாதிரி, பணியாளர்கள்தான் வேறு. பிங்கனுக்கும் கோப்லென்ஸுக்கும் இடையில் கோட்டைகள் நிறைந்த பள்ளத்தாக்கைக் காண்பதற்காகவே இவ்வழியைத் தேர்ந்திருந்தோம். 132 மீட்டர் உயர லோரெலைப் பாறையைப் பேருந்துச் சன்னல் வழியே, என் மனைவி தூங்கிக்கொண்டிருந்த வேளையில், நான் மட்டும் பார்த்தேன்.

பணத்தைத் திருப்பித் தருமாறு கேட்டபோது ஒப்பந்தத்தின் ஒரு பத்தியைக் காட்டினார்கள். நீர்மட்டம் காரணமாகக் கப்பலுக்குப் பதில் பேருந்தோ விடுதியோ கொடுக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று அதில் தெளிவாக அச்சிட்டிருந்தது; கையெழுத்திட்டவன் நான்தான். கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர்காலத்திலும் நீர் குறைவது அதிகம் என்று பிறகு அறிந்தேன். 2022 ஆகஸ்டிலும் ரைனில் இதே நிலை வந்தது. இனிப் போவதாக இருந்தால் மே மாதத்தையே தேர்வேன்.

மூத்த மகள் எழுதியது:

ஐயாவுக்கு நீர் இல்லாமல் போனது. எங்களுக்கு நீர் மிகுந்து போனது. 2024 செப்டம்பர் நடுவில் 81 வயதான என் தாயாரோடு வியன்னாவில் இருந்தபோது பெருமழையால் டான்யூப் பொங்கி, ஆஸ்திரியப் பகுதியில் கப்பல் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். நீர் ஏறினால் பாலங்களுக்கு அடியில் கப்பல் நுழைய இடம் இராது என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். கரைக்குப் போகும் நடைபாலத்தின் மறுமுனை நீரில் மூழ்கியதால் இரண்டு நாட்கள் இறங்கவும் முடியவில்லை. மொட்டைத் தளத்திலிருந்து பார்த்தபோது நகரம் பாதுகாப்பாக இருந்தது. வெள்ளத்தை வாங்கிக்கொள்வதற்காகவே 1972க்கும் 1988க்கும் இடையில் வெட்டப்பட்ட புதிய டான்யூப் என்னும் இணைக்கால்வாய் அப்போது நிரம்பி ஓடியது.

அம்மாவுக்கு அச்சமே இல்லை. கப்பல் ஊழியர் ஒருவருக்குப் பல்லாங்குழி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கவலையெல்லாம் எனக்குத்தான். ஒன்பது நாட்களுக்குக் கணக்காக எடுத்துவந்த இதய மாத்திரைகளில் மூன்று நாட்களுக்கானவை மட்டுமே மிச்சம் இருந்தன. நம் ஊர் மருத்துவரின் சீட்டை வைத்துக்கொண்டு அங்குள்ள மருந்துக்கடையில் வாங்க முடியுமா என்று அந்த இரவு முழுவதும் யோசித்தேன். கப்பலில் மருத்துவர் இல்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் கரையிறக்கி, புடாபெஸ்டுக்குப் பேருந்தில் அனுப்பினார்கள். மாத்திரை தீரும் நாளன்று ஊர் வந்து சேர்ந்தோம்.

வைகைக்கரை அம்மாவிடம் இரண்டு கேள்விகள்: சைவச் சாப்பாடு எப்படி இருந்தது? ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கான காப்பீட்டை எவ்வாறு எடுத்தீர்கள்?

வைகைக்கரை எழுதியது:

மூத்த மகள் அவர்களுக்கு, விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். அதை எடுப்பது எளிது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அது பொருந்துமா என்பதைத்தான் படித்துப் பார்க்க வேண்டும். எங்களுக்கு வந்த முதல் பத்திரத்தில் உயிருக்கு ஆபத்தான நிலை ஏற்பட்டாலன்றி அவற்றுக்கு ஈடு இல்லை என்று இருந்தது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள எங்களுக்கு அதனால் என்ன பயன்? கூடுதலாகப் பணம் கட்டி வேறொன்று எடுத்தோம்.

சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டேன். பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்திருந்தோம். ஒவ்வொரு வேளையும் ஒரு சைவப் பதார்த்தம் இருந்தது, அது காளானாகவே இருந்தது என்பதைத் தவிர. காய்கறி சூப்பிலும் இறைச்சி வேகவைத்த நீரைச் சேர்ப்பதுண்டு என்பதால் முதல் நாளே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். சோறு கேட்டால் தருகிறார்கள். தயிர் காலைச் சிற்றுண்டியில் எப்போதும் உண்டு. ஊறுகாய் என் கைப்பையில் இருந்தது.

ஐயா குறிப்பிட்ட மே மாதத்தையே நாங்களும் எண்ணியிருக்கிறோம். என் கணவர் 1647ஆம் கிலோமீட்டரில், புடாபெஸ்டில், குறிப்பேட்டை மூடினார். அங்கிருந்து கருங்கடல்வரை மீதமுள்ள பலகைகளையும் எழுதிவிட வேண்டுமாம். செர்பியா ஷெங்கன் பகுதியில் இல்லாததால், இடையில் வெளியேறி மீண்டும் நுழையப் பலமுறை நுழைவு விசா வேண்டியிருக்கும் என்று முகவர் சொல்கிறார். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. நடுத்தளத்தில், மின்தூக்கிக்கு அருகில் அறை கிடைக்கிறதா என்று மட்டும் கேட்டு எழுதியிருக்கிறேன்.