அறுகம்பேயில் அலையைப் படம் எடுப்பது

பொத்துவிலுக்குப் பக்கத்தில், அலைச்சறுக்குக்குப் பேர்போன அறுகம்பேக்கு கமராவோடு வருகிற தம்பிமார் என்னிடம் முதலில் கேட்பது எந்த லென்ஸ் நல்லது என்பதைத்தான். சரி, அதற்கும் பதில் இருக்கிறது. ஆனால் மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி வழியாக சீசனுக்குச் சீசன் பொத்துவிலுக்குப் போய்வருகிற எனக்கு, வெளிச்சமும் காற்றும்தான் முதற்பாடமாக இருந்தன.

நம்முடைய கரையில் சூரியன் கடலுக்குள் இருந்து எழும்புகிறது. விடிந்தவுடன் கரையில் நின்று எடுத்தால் பலகையில் அலைமேல் சறுக்குகிறவர் கறுத்த உருவமாகத்தான் விழுவார். முகம் தெரியாது. பதிலுக்கு, மடியப்போகிற அலையின் மேல்விளிம்பை வெளிச்சம் ஊடுருவி, பச்சைக் கண்ணாடி போலக் காட்டும். அந்த நேரத்தில் நான் முகத்தைத் தேடுவதேயில்லை. வெளிச்சப் பகுதி வெளுத்துப் போகாமல் கமராவின் வெளிச்ச அளவை வைத்துவிட்டு அலையை மட்டும் பார்ப்பேன். பின்னேரம் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் வந்து முகங்கள் துலங்கும்போது, கடல்காற்று ஏறி நீரின் மேற்பரப்பைக் குலைத்துவிடும். நல்ல முகமும் நல்ல அலையும் ஒரே நேரத்தில் கிடைக்கிற காலை அபூர்வம்.

இந்தக் காற்றுக் கணக்கை எனக்குச் சொல்லித் தந்தவர் கரைவலை வாடியில், மீனவர் கொட்டிலில், இருந்த ஒரு வயதான காக்கா (முஸ்லிம் அண்ணன்). நான் கைபேசியில் காற்று வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னார்: “மனே, கடலைப் பாத்துக்கொண்டு நில்லு. பிடரியில சூடு படுகிற வரைக்கும் கச்சான் நிக்குது. அது விட்டிட்டா கடல் கரகரக்கும்.”

கச்சான் மேற்கே தரையிலிருந்து வருகிற காற்று. கரையை நோக்கி வருகிற அலையை எதிர்த்து ஊதுவதால் அலை உடனே சரியாமல் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும், நுனியில் தூவானம் பின்னோக்கிப் பறக்கும். சறுக்குகிறவர்களும் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து தொப்பியைக் கழற்றிப் பிடரியைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறேன்.

தண்ணீருக்குள் இறங்கினால் வேறு வேலை. நீர்புகாக் கூட்டுக்குள் கமரா, முன்னால் குவிந்த கண்ணாடி, காலில் நீச்சல் துடுப்பு. கண்ணாடியை நாக்கால் நக்கி ஈரமாக்கினால் தண்ணீர் துளித்துளியாக நிற்காமல் படலமாக வழியும். உலகம் முழுக்க எல்லாரும் செய்வதுதான். ஷட்டர் வேகம் 1/1000 செக்கனை விட மெதுவானால் துளிகள் கூர்மையாக வராது. சறுக்குகிறவர்கள் கூடுகிற பிரதான முனையில் பாறை இருக்கிறது, ஆகவே எந்தப் பக்கத்தால் வெளியே வருவது என்று உள்ளூர்ப் பொடியன்களிடம் கேட்காமல் இறங்கவே கூடாது.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அறுகம்பேயில் எடுத்த படங்களில் பாதியைப் பார்த்தால் பாலியா, மாலைதீவா என்று பிரிக்க முடியாது. அலையும் ஆளும் மட்டும் சட்டகத்தை நிரப்பியிருக்கும். கொஞ்சம் பின்னால் வந்து, கரையில் ஏற்றி வைத்த வள்ளங்களையோ முனைப் பாறைகளையோ உள்ளே விட்டால் என்ன? தூரத்தைக் கிட்ட இழுக்கிற சில நூறு மில்லிமீற்றர் லென்ஸை ஒரு தடவை பைக்குள் வைத்துவிட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஆட்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் பிள்ளைகளைக் கடலுக்கு விடவே பயந்த வீடுகள் பல. அப்படியான இடத்தில் 2018இல் பெண்களுக்கென்றே ஒரு சர்ஃபிங் கழகம் தொடங்கியது எனக்குப் பெரிய விசயம். நீளக்கை உடுப்போடு பலகையில் எழும்பி நின்ற ஒரு தங்கச்சியை ஒருநாள் எடுத்தேன். கரைக்கு வந்ததும் கமராத் திரையில் காட்டினேன். அவ்வளவு சந்தோசம் அவளுக்கு. உடனே சொன்னாள்: “அண்ணன், இத எனக்கு அனுப்புங்க, உம்மாக்குக் காட்டோணும். பேஸ்புக்கில மட்டும் போட்டிடாதீங்க.”

நான் இதுவரை எடுத்ததில் மிக நல்ல படங்களில் அது ஒன்று. அவளுக்கு அனுப்பினேன், வேறு எங்கும் போடவில்லை. இப்போது கரையை விட்டுக் கிளம்பும் முன் எடுத்தவர்களுக்கெல்லாம் காட்டிவிடுகிறேன். வேண்டாம் என்றால் அவர்கள் முன்னாலேயே அழித்துவிடுவேன்.