மகளை டாக்டருக்குப் படிக்க வைக்க என்ன வழிங்க?

கோபி பக்கம் கிராமம். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன், உயிரியல் பிரிவு. டாக்டர்தான் ஆவேன் என்று மஞ்சள் வேக வைக்கிற இடத்தில்கூட புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். எத்தனை வருடம் ஆகும், செலவு தாங்குமா?

பதில் 1: ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளிதானுங்களா? அப்படியென்றால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ இடங்களில் 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம் அரசே கட்டும். நீட்டில் 720-க்கு 360 மதிப்பெண் உயிரியல்தான், அதனால் மத்திய பாடத்திட்டத்து என்சிஇஆர்டி புத்தகத்தை வரி விடாமல் படிக்கச் சொல்லுங்கண்ணா.

பதில் 2: நாலரை வருடம் படிப்பு, அப்புறம் ஒரு வருடம் பயிற்சி மருத்துவர். அரசுப் பள்ளியில் படித்த சான்றிதழை இப்பவே வாங்கி வையுங்க. என் பையன் இரண்டு பள்ளி மாறியவன், கலந்தாய்வு சமயத்தில் பஸ் பஸ்ஸாக அலைந்தோம்.

கேட்டவர்: இவளும் எட்டாவதோடு பள்ளி மாறினவள்தானுங்க. திங்கட்கிழமையே போய்விடுகிறேன்.