புதுப்பிப்பு: டிரினிடாட் ஓசனிச்சிட்டு எதுவென்று தெரிந்துவிட்டது

டிரினிடாட்டின் அரிமா பள்ளத்தாக்கில் எடுத்த படத்திலுள்ள ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) ரூபி டோபாஸ் இனத்தின் பெண்ணாக இருக்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன்; அது தவறு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, பின்முதுகின் குறுக்கே வெளிறிய பட்டை ஒன்றும் செம்பழுப்புத் தொண்டையும் தெளிவாகத் தெரிந்தன. அவ்விரண்டும் டஃப்டட் கொக்கெட் இனத்துப் பெண்ணின் அடையாளங்கள். ஆணுக்குரிய செங்கொண்டையும், பச்சைப் புள்ளியிட்ட கன்னத்துத் தூவிகளும் பெண்ணுக்கு இல்லாததால்தான் நான் ஏமாந்தேன்.

ஏறத்தாழ 6.6 செ.மீ. நீளமும் 2.3 கிராம் எடையுமே உள்ள இப்பறவை, வண்டைப் போல முரன்றபடி நிதானமாக மிதந்து, பெரிய ஓசனிச்சிட்டுகள் காவல்காக்கும் பூக்களிலும் பெரும்பாலும் விரட்டப்படாமல் தேன் குடித்துச் செல்கிறது. வெனிசுவேலா, கயானா, வடபிரேசில் ஆகிய பகுதிகளிலும் வாழும் இது அடர்காட்டை விடக் காட்டோரங்களையும் தோட்டங்களையுமே அதிகம் நாடுகிறது. என் படத்தில் அது தேன் குடித்துக்கொண்டிருந்த ஊதாப்பூச் செடி வெர்வெயின். நம்மூர்ச் சாலையோரத்துச் சீமை நாயுருவியின் இனம்தான். பழைய படத்தின் தலைப்பையும் திருத்திவிட்டேன்.