கலைச்சொல் விவாதம்: கனிமம் தேடும் ‘புராப்பர்ட்டி’யைச் ‘சொத்து’ என்னலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

கனடாவின் வடபகுதியில் துத்தநாகம், ஈயம், வெள்ளி தேடும் நிறுவனங்களின் அறிக்கைகளைத் தமிழில் எழுதும்போது வரும் சொற்களைப் பற்றி இந்த இழை நன்றாகவே போய்க்கொண்டிருக்கிறது. ‘புராப்பர்ட்டி’ (property), அதாவது ஒரு நிறுவனம் கனிமம் தேடும் பகுதி, இதில்தான் இழுபறி. அதற்கு முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றவை அப்புறம். இழையில் ஒருவர் எழுதியது:

> சொத்து என்று போட்டால் போதுமே. அகராதியிலும் அப்படித்தான் இருக்கிறது, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். ‘வடக்கே எங்கள் நிறுவனத்தின் சொத்து’ என்று படிப்பவர் அந்த மலையும் ஆறும் அவர்களுக்குப் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டவை என்றே நினைப்பார். நடப்பது வேறு. யூக்கான் ஆட்சிப்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே குவார்ட்ஸ் சுரங்கச் சட்டப்படி ஒருவர் அதிகபட்சம் 1,500 அடிக்கு 1,500 அடி அளவுள்ள ஒரு கட்டத்தை இரண்டு முளைகள் நட்டுக் குறிக்கலாம். பிறகு அதைப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். அதன்பின் ஒவ்வொரு கட்டத்திலும் ஆண்டுக்கு 100 டாலர் மதிப்புள்ள ஆய்வு வேலை நடந்ததாகக் காட்ட வேண்டும், அல்லது அந்தத் தொகையைக் கட்ட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் உரிமை காலாவதியாகி, வேறு யாரும் வந்து முளை நடலாம். இப்படிப்பட்ட பல கட்டங்களைச் சேர்த்துத்தான் ஒரு ‘புராப்பர்ட்டி’ என்கிறார்கள். பல நேரங்களில் அந்தக் கட்டங்கள்கூட அறிக்கை எழுதும் நிறுவனத்தின் பெயரில் இருப்பதில்லை. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் இவ்வளவு செலவழித்தால் இவ்வளவு பங்கு என்று உரிமையாளரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வேலை செய்வார்கள்.

ஆக, கையில் இருப்பது தரைக்கு அடியில் உள்ள கனிமத்தைத் தேடும் உரிமை, அதுவும் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ள வேண்டியது. மேலே இருக்கும் நிலம் இதில் அடங்காது.

இதைச் சட்ட நுணுக்கம் என்று தள்ளிவிட முடியாது. யூக்கானில் ராஸ் ரிவர் தேனா என்ற பழங்குடி மக்கள் தொடுத்த வழக்கில், அவர்களுடைய மரபுவழி நிலத்தில் கனிம உரிமைகளைப் பதியும்போது அவர்களைக் கலந்து பேசும் கடமை அரசுக்கு உண்டு என்று 2012-இல் யூக்கான் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே மக்களின் நிலத்தில்தான் ஃபேரோ சுரங்கம் இருக்கிறது. 1969 முதல் 1998 வரை, இடையிடையே நின்று நின்று, அங்கே ஈயமும் துத்தநாகமும் எடுத்தார்கள். கடைசியாக நடத்திய நிறுவனம் நொடித்துப்போனது. ஏறத்தாழ 32 கோடி டன் கழிவுப்பாறையும் 7 கோடி டன் ஆலைக்கசடும் அங்கேயே கிடக்கின்றன. அவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் காற்றும் நீரும் பட்டு அமிலமாக மாறுகின்றன. துப்புரவுச் செலவு அரசின் தலையில். ‘சொத்து’ என்றவர்கள் போய்விட்டார்கள், நிலம் யாருடையதோ அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். இந்த வேறுபாட்டை மறைக்கிற ஒரு சொல்லை நாமே தேர்ந்தெடுத்துத் தமிழில் உலவவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

அலாஸ்காவின் ரெட் டாக் சுரங்கத்தைப் பாருங்கள், உலகின் மிகப் பெரிய துத்தநாகச் சுரங்கங்களில் ஒன்று. அங்கே நிலம் இன்யூபியாட் பழங்குடி மக்களே பங்குதாரர்களாக உள்ள நானா நிறுவனத்துடையது. தோண்டி எடுப்பது அவர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்ட வேறொரு நிறுவனம். இரண்டு தரப்பையும் ‘சொத்துக்காரர்’ என்றால் வாசகர் குழம்பிப்போவார்.

சரி, மாற்று என்ன?

‘தேட்டம்’ என்ற முன்மொழிவைப் படித்தபோது மனம் அதன் பக்கம் சாய்ந்தது உண்மை. தேடுவது, தேடிச் சேர்ப்பது இரண்டுமே அதில் இருக்கின்றன. ஆனால் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் ‘தேடிய தேட்டம்’ என்றால் மணவாழ்வின்போது சேர்த்த சொத்து. தேட்டம் என்றாலே ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது என்று பொருள். இன்னும் ஒன்றும் கிடைக்காத இடத்துக்கு அதைச் சூட்டினால் நாம் விலக்க நினைத்த ‘சொத்து’ பின்வாசல் வழியாக வந்துவிடும்.

‘தேடுநிலம்’ எளிமையானது. ஆனால் நிலத்தில் உரிமை இல்லை என்பதுதானே வாதமே. போதாததற்கு, வடக்கே இந்தக் கட்டங்களில் பாதி ஏரியாகவும் இருக்கலாம். ஏரி உறைந்த பிறகு பனிக்கட்டியின் மேல் பொறியை நிறுத்தித் துளையிடுவது அங்கே வழக்கம்.

‘தேடுபுலம்’ காதுக்கு இனிமை. ஆனால் ஒரே அறிக்கையில் காந்தப்புலம், மின்புலம், ஈர்ப்புப்புலம் எல்லாம் வரும். ‘தேடுபுலத்தின் காந்தப்புலம்’ என்று எழுத நேர்ந்தால் படிப்பவர் பாவம்.

என் வாக்கு ‘தேடுகளம்’ என்பதற்கு. களம் என்பது ஒரு வேலை நடக்கும் இடம். போர்க்களம், நெற்களம், ஆடுகளம் எதிலும் உடைமை பற்றிய பேச்சே இல்லை. தேடுபொறி போல வினைத்தொகை, ஆகவே பழகிய அமைப்பு. ‘நிறுவனத்தின் தேடுகளம்’ என்றால் அவர்கள் அங்கே தேடுகிறார்கள் என்பதற்கு மேல் எதுவும் சொல்லாது. மேலே சொன்ன ஒற்றைக் கட்டமான ‘கிளெய்ம்’ (claim) என்பதற்கு ‘உரிமைக்கட்டம்’ வைத்துக்கொள்ளலாம். பல உரிமைக்கட்டங்கள் சேர்ந்தது ஒரு தேடுகளம்.

அடுத்தது எனக்கு இதைவிடக் கவலை தரும் சொற்கள். இழையில் இவற்றை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘டெபாசிட்’ (deposit), ‘ரிசோர்ஸ்’ (resource), ‘ரிசர்வ்’ (reserve), ‘ஓர்’ (ore) எல்லாவற்றுக்கும் நம் செய்திகளில் ‘தாது இருப்பு’ என்றே எழுதிவிடுகிறார்கள். 2023-இல் ஜம்முவின் ரியாசியில் லித்தியம் கண்டறியப்பட்ட செய்தி நினைவிருக்கும். புவியியல் ஆய்வுத்துறை சொன்னது 59 லட்சம் டன் ‘ஊகிக்கப்பட்ட வளம்’, அதுவும் பாறையின் எடை, லித்தியத்தின் எடையல்ல. செய்திகளில் அது ‘லித்தியம் இருப்பு’ ஆனது. இருப்பு என்றால் கணக்கில் இருக்கிறது, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று பொருள். கடையின் இருப்பைப் போல.

கனடாவில் இந்தச் சொற்களுக்குச் சட்டப் பொருள் உண்டு. இந்தோனேசியாவில் தங்கம் இருப்பதாகச் சொன்ன பிரி-எக்ஸ் நிறுவனத்தின் மோசடி 1997-இல் அம்பலமானது; பாறை மாதிரிகளில் தங்கத்தூளைக் கலந்திருந்தார்கள். அதன்பின் 2001-இல் 43-101 என்ற தேசிய விதி நடைமுறைக்கு வந்தது. அந்த விதிப்படி வளத்தில் (‘ரிசோர்ஸ்’) மூன்று படிகள். ஆய்வுக்காகப் பாறையில் இடும் துளைகள் தொலைவு தொலைவாக இருந்து, இடையில் கனிமம் தொடர்கிறது என்று அனுமானித்தால் முதல் படி. துளைகள் நெருங்கி நம்பிக்கை கூடக் கூட இரண்டாவது, மூன்றாவது. முதல் படியின் டன்னை மற்ற இரண்டோடு கூட்டிக் காட்டக் கூடாது என்றே விதி சொல்கிறது. லாபமாக எடுக்க முடியும் என்று குறைந்தபட்சம் ஒரு முன்சாத்திய ஆய்வாவது நடந்து காட்டிய பிறகுதான் ‘ரிசர்வ்’ என்ற பேச்சே எழும்.

ஆகவே என் முன்மொழிவு: முதல் படி ஊகவளம், இரண்டாவது சுட்டுவளம், மூன்றாவது அளந்தவளம். ‘இருப்பு’ என்ற சொல்லை ‘ரிசர்வ்’ தவிர வேறு எதற்கும் தொடக்கூடாது. அதைப்போலப் பாறையில் நாலு இடத்தில் ஈயக்கனிமம் பளபளத்தால் அது ‘கனிமத் தடயம்’. உருவமும் அளவும் ஓரளவு தெரிந்தால் ‘படிவு’. லாபத்தோடு எடுக்கக்கூடியது மட்டுமே ‘தாது’. ஓய்வூதியப் பணத்தைப் போட்டுப் பங்கு வாங்குகிறவர்கள் இந்த அறிக்கைகளைப் படிக்கிறார்கள். தடயத்தைத் தாது என்று எழுதினால் நட்டம் அவர்களுக்கு.

இதே காரணத்தால் துளை முடிவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘10 மீட்டர் நீளத்துக்குத் துத்தநாகம் கிடைத்தது’ என்று வரும். துளை கனிம அடுக்கைச் செங்குத்தாக வெட்டினால்தான் அது அடுக்கின் உண்மையான தடிமன். அடுக்கோடு 30 பாகைக் கோணத்தில் வெட்டியிருந்தால் 10 மீட்டர் என்பது உண்மையில் 5 மீட்டர்தான். முதலாவதை ‘வெட்டுநீளம்’, இரண்டாவதை ‘மெய்த்தடிமன்’ என்று பிரித்தே எழுதுவோம். ‘அகலம்’ என்று பொதுவாகப் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

இனி ‘காசன்’ (gossan). கந்தகக் கனிமங்கள் நிறைந்த பாறை மழையிலும் காற்றிலும் சிதைந்து, இரும்புத் துருவாகச் சிவந்து மேலே நிற்பது. ரெட் டாக்கில் பாப் பேக்கர் என்ற விமானி வானிலிருந்து கவனித்த செந்நிறக் கறைதான் புவியியலாளர்களை அங்கே இழுத்தது. 1989-இல் சுரங்கம் உற்பத்தியைத் தொடங்கியது.

‘துருக்கல்’ வேண்டாம், அது செம்பாறைக்கு ஏற்கெனவே வழங்குகிறது. ‘இரும்புத்தொப்பி’ ஜெர்மானியச் சுரங்கக்காரர்களின் சொல்லுக்கு நேர் பெயர்ப்பு. தமிழில் தலைக்கவசம் போலத் தொனிக்கிறது. ‘துருமுகடு’ அழகுதான், ஆனால் மலைமுகடுகள் நிறைந்த வரைபடத்தில் இது மலையின் பெயரா பாறையின் பெயரா என்று சந்தேகம் வரும். ‘துருப்போர்வை’ என்றால் அடியில் எதையோ மூடியிருக்கிறது என்பது தானே விளங்கும். நீரோடை கரைத்துக் கொண்டுபோய் வேறிடத்தில் படியவைத்ததை ‘இடம்பெயர்ந்த துருப்போர்வை’ எனலாம். அதன் அடியில் தோண்டினால் ஒன்றும் கிடைக்காது.

கலைக்களஞ்சியக் குறிப்பு எழுதுபவர்கள் இந்த இடத்தில் இரண்டு வரி கூடுதலாக எழுத வேண்டுகிறேன். துத்தநாகம் நீரில் எளிதாகக் கரைந்து ஓடிவிடும். ஈயம் பெரும்பாலும் அங்கேயே தங்கும். அதனால் துருப்போர்வையில் துத்தநாகம் குறைவாக இருப்பது அடியிலும் குறைவு என்பதற்குச் சான்றாகாது. கரைந்துபோனதை ஓடை நீரிலும் வண்டலிலும் தேடிப் பிடிக்கிறார்கள். சுண்ணாம்புப் பாறையில் அமைந்த படிவுகளில் இரும்பு குறைவாக இருந்தால் சிவப்பே தெரியாது. துத்தநாகம் வெளிறிய கார்பனேட்டாகி, பார்வைக்குச் சுண்ணாம்புக்கல்லைப் போலவே கிடக்கும். அதன்மேல் ஒரு வேதிக்கரைசலைத் தெளித்தால் செம்மஞ்சளாக மாறிக் காட்டிக்கொடுக்கும். களப்புவியியலாளர்கள் பையில் அந்தப் புட்டியும் இருக்கும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘பெர்மாஃப்ராஸ்ட்’ என்பதற்கு ‘நிரந்தர உறைபனி’ இரண்டு வகையில் பிழை: அது பனியல்ல, தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது சுழியப் பாகைக்கு மேல் போகாத தரை, நிரந்தரமும் அல்ல, பல இடங்களில் உருகிவருகிறது. ‘உறைநிலம்’ போதும். துளையிலிருந்து உருளையாக வெளிவரும் ‘கோர்’ என்பதற்கு ‘பாறைத்தண்டு’ சரி. ‘துளைத்தண்டு’ என்றால் துளையிடும் இரும்புத்தண்டோடு குழம்பும். ‘கிரேடு’ என்பதற்கு ‘மாற்று’ என்ற பொற்கொல்லர் சொல்லைக் கொண்டுவரலாம் என்ற யோசனை வந்தது. ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் மாற்று என்பது உலோகத்தின் தூய்மைக்கு உரிய அளவை. டன்னுக்கு 100 கிராம் வெள்ளி என்றால் நூற்றில் ஒரு பங்கின் நூற்றில் ஒரு பங்கு. பாறையில் உலோகம் எவ்வளவு என்பதைச் சொல்ல ‘உலோக அளவு’ என்றே எழுதலாம்.

ஊகவளம், சுட்டுவளம், அளந்தவளம் மூன்றையும் புவியியல் படித்தவர்கள் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். ‘சுட்டு’ என்பது இலக்கணச் சொல்லாக மட்டுமே ஒலிக்கிறது என்றால் ‘குறித்தவளம்’ என மாற்றிக்கொள்ளலாம், எனக்கு மறுப்பில்லை. ‘தேடுகளம்’ வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். மறுப்பு வராவிட்டால் அதைச் சொற்பட்டியலில் ஏற்றிவிட்டு, ‘சொத்து’ என்று எழுதிய பழைய கட்டுரைகளைத் திருத்தத் தொடங்கலாம்.

அன்புடன்.