தாத்தாவின் தோணி நங்கூரத்தில் பெயிண்ட் நிற்கவில்லை, உதவி தேவை

கேட்டவர்:
வணக்கம், ஊர் தூத்துக்குடி. எங்கள் தாத்தா கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போன தோணியில் தண்டலாக (தோணியை நடத்தும் தலைவராக) இருந்தவர். தோணி கைமாறிப் போய்விட்டது, ஒரு நங்கூரம் மட்டும் பல வருடமாகக் கிணற்றடியில் கிடக்கிறது. வாசலில் நிறுத்தி வைக்க ஆசை. இரண்டு தடவை கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ரெட் ஆக்சைடும் கறுப்பு எனாமலும் அடித்துவிட்டேன், மூன்று மாதம்கூட ஆகவில்லை, கொப்புளம் கிளம்பிப் பழுப்புத் தண்ணீர் கசிகிறது, தட்டினால் அடை அடையாக உதிர்கிறது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்கிறான் தம்பி. எனக்கு மனசே இல்லை.

நாட்டுப்படகுக்காரர்:
கடலில் போட்டுவிடுங்கள், மீனாவது அண்டும்.

வலை பின்னுபவர்:
தயவுசெய்து வேண்டாம் அண்ணே. யாருடைய வலையாவது அதில் மாட்டிக் கிழிந்தால் அவர்களுக்கு அன்றைய பிழைப்பே போச்சு. தவிர, மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா, பார் (கடலடிப் பாறைத்திட்டு) மேல் இரும்பு விழுந்தால் பவளம் நொறுங்கும்.

பட்டறைக்காரர்:
அண்ணாச்சி, குற்றம் பெயிண்டில் இல்லை. கடலில் கிடந்த இரும்புக்குள் உப்பு இறங்கியிருக்கும். மேலே என்ன பூசினாலும் அது காற்றின் ஈரத்தை இழுத்து உள்ளிருந்தே அரிக்கும், அந்தப் பழுப்புக் கசிவு அதனால்தான். முதலில் உப்பை எடுக்க வேண்டும். செங்கல் அடுக்கித் தார்ப்பாய் விரித்து ஒரு தொட்டி கட்டுங்கள். 10 லிட்டருக்கு 100 கிராம் வாஷிங் சோடா கரைத்து (ஆப்பச் சோடா இல்லை) நங்கூரம் முழுக்க மூழ்கும்படி போட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். மாதக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டால் பழைய கதைதான். கடைசியில் மழைத்தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் வீட்டு டிடிஎஸ் மீட்டரால் பாருங்கள். அளவு ஏறாமல் நின்றால் போதும்.

கேட்டவர்:
பேட்டரி சார்ஜர் வைத்துத் துரு எடுக்கலாம் என்கிறார்களே?

பட்டறைக்காரர்:
எடுக்கலாம், அதே சோடாத் தண்ணீரில். நங்கூரத்துக்கு மைனஸ், பக்கத்தில் தொங்கும் சாதா இரும்புத் தகட்டுக்கு பிளஸ், இரண்டும் தொடக் கூடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு வேண்டவே வேண்டாம், குரோமியம் விஷம் கரையும். ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் திறந்தவெளியில்தான், பக்கத்தில் நெருப்பு கூடாது, தண்ணீரில் கைவிடும் முன் சார்ஜரை நிறுத்துங்கள். முடிந்ததும் நல்ல வெயிலில் காயவைத்து, சூடு ஆறியவுடன், அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் இரண்டு கை அடித்துவிடுங்கள்.

நெய்தல் ஊர்க்காரி:
பெயிண்டுக்குப் பதில் பழைய கறுப்பே வேண்டுமென்றால், உப்பு எடுத்தபிறகு கடுக்காய் ஊறவைத்த தண்ணீரைப் பூசலாம், அதிலுள்ள டானின் துருவோடு சேர்ந்து கருத்துவிடும். ஆனால் உப்புக்காற்றுக்கு அது மட்டும் தாங்காது, மேலே மெழுகு தேய்த்துக் கூரைக்குள் வையுங்கள். அப்புறம், 100 வருடத்துக்கு மேற்பட்டது என்று தெரிந்தால் 1972 தொல்பொருள் சட்டத்தில் வரக்கூடும், விற்கும் பேச்சை எடுக்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். நங்கூரத் தண்டில் எடை எண் குத்தியிருக்கலாம், தேய்க்கும்போது அழித்துவிடாதீர்கள்.

கேட்டவர்:
தொட்டி கட்டியாயிற்று. முதல் தண்ணீர் இரண்டே நாளில் செம்மண் நிறம். தம்பியே செங்கல் சுமந்தான்.