10 மீட்டர் ஏர் பிஸ்டல் தெரிந்தவர்கள் உதவுங்கோ

வணக்கம் உறவுகளே, கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். கொழும்பில் படிக்கும் என் தங்கச்சி அங்கே ஏர் பிஸ்டல் (காற்றழுத்தக் கைத்துப்பாக்கி) சுடுகிறாள். இப்போது லீவில் வீட்டில் நிற்கிறாள், கையில் துப்பாக்கி இல்லை.

சுவரில் 1.40 மீட்டர் உயரத்தில் 59.5 மில்லிமீட்டர் கறுப்பு வட்டம் ஒட்டி, ஒரு லீற்றர் தண்ணிப் போத்தலை ஒற்றைக் கையால் நீட்டிப் பிடித்துப் பழகுகிறாள். ஒரு நிமிடம் போனதும் மணிக்கட்டு மெல்லச் சரிகிறது. போட்டியில் 75 நிமிடத்தில் 60 சூடு எல்லோ?

கொழும்பில் சுடும்போது அவளுடைய சூடுகள் பெரும்பாலும் இடது கீழ்ப்பக்கம்தான் விழுகின்றன. வலக்கைக்காரி. விசையை (ட்ரிகர்) வெடுக்கென்று இழுப்பதால்தான் என்று நினைக்கிறேன். குறைந்தது 500 கிராம் இழுவை இருக்கவேண்டிய அந்த விசைக்கு, துப்பாக்கி இல்லாமல் விரலை எப்படிப் பழக்குவது? சின்னக் கைக்குப் பொருந்தும் பழைய மரப்பிடி யாரிடமாவது இருந்தாலும் சொல்லுங்கோ, விலைக்கு வாங்குகிறோம்.