மறுமொழி: ஆர்த்ரோசென்டெசிஸ் – மூட்டுக் குத்தலா, மூட்டலசலா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். மூட்டுக்குள் ஊசி செலுத்திச் செய்யும் ‘ஆர்த்ரோசென்டெசிஸ்’ சிகிச்சைக்கும் அதையொட்டிய சொற்களுக்கும் தமிழ்ப் பெயர்கள் தேடும் உங்கள் கடிதம் கண்டேன். அதில் நீங்கள் முன்வைத்த ‘மூட்டுக் குத்தல்’ கிரேக்க வேருக்கு நேர்மையாகத்தான் இருக்கிறது. ஆர்த்ரான் மூட்டு, கென்டேசிஸ் குத்துதல். ஆனால் தமிழில் குத்தல் என்றாலே வலி. தாடை மூட்டு வலியோடு வந்தவரிடம் ‘மூட்டுக் குத்தல் செய்யப்போகிறோம்’ என்றால், ‘அதற்காகத்தானே வந்திருக்கிறேன்’ என்பார்.

வேரை விட்டுவிட்டுச் செயலைப் பார்ப்போம். முழங்காலில் ஆர்த்ரோசென்டெசிஸ் என்பது பெரும்பாலும் தேங்கிய நீரை உறிஞ்சி எடுப்பதையே குறிக்கிறது. தாடையில் நடப்பது வேறு. 1991இல் வாய், தாடை அறுவை மருத்துவர் டோரிட் நிட்சன் குழுவினர் விவரித்த முறையில், காதுக்கு முன்புறம் இரண்டு ஊசிகள் மூட்டின் மேலறைக்குள் இறங்குகின்றன. ஒன்றின் வழியே செல்லும் கரைசல், அழற்சிப் பொருள்களை அள்ளிக்கொண்டு மற்றதன் வழியே வெளியேறுகிறது. மேலறையின் கொள்ளளவு ஏறக்குறைய 1 மில்லிலிட்டர்தான். அதற்குள் பல மடங்கு நீர் பாயும்போது உள்ளே ஒட்டிக்கொண்ட திசுக்களும் தளர்கின்றன. குடுவைக்குள் நீர் விட்டுச் சுழற்றிக் கொட்டுவதை என்னவென்று சொல்கிறோம்? அலசுவது. கழுவுதல் வெளிப்பரப்போடு நின்றுவிடலாம்; அலசல் உள்ளே போய் வரும். ஆகவே என் வாக்கு ‘மூட்டலசல்’ என்பதற்கே. பத்திரிகைகள் ‘ஓர் அலசல்’ என்று கட்டுரைக்குத் தலைப்பிட்டு இச்சொல்லைப் பிடித்துவைத்திருப்பது உண்மைதான். அதற்காக நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

அலசல், மருந்து செலுத்தல் எல்லாவற்றையும் ‘ஊசி மருத்துவம்’ என்று ஒரே பெயரில் அடக்கும் உங்கள் யோசனைதான் எனக்கு உடன்பாடில்லை. ஹையலூரானிக் அமிலம் (மூட்டுக்கு வழுவழுப்புத் தரும் பொருள்), ஸ்டீராய்டு, பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா (நோயாளியின் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுப்பது) ஆகியவற்றைச் செலுத்துவது உள்ளே தங்குவதற்காக, அலசல் வெளியேற்றுவதற்காக. ஆய்வுகளில் ஒரு குழுவுக்கு அலசல் மட்டும், இன்னொரு குழுவுக்கு அலசலோடு மருந்தும் கொடுத்து, வலி எவ்வளவு குறைந்தது, வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று அளக்கிறார்கள். பலன் அலசலாலா, மருந்தாலா என்பதுதான் கேள்வி. இரண்டுக்கும் பெயர் ஒன்றென்றால் அந்தக் கேள்வியைத் தமிழில் எழுதவே முடியாது. மருந்து செலுத்துவதை ‘மூட்டக ஊசி’ என்போம்.

பிளாசிபோவுக்கு, அதாவது ஆய்வில் ஒப்பிடுவதற்காகத் தரும் மருந்தற்ற போலிக்கு, ‘மருந்துப்போலி’ நல்ல சொல், ஆனால் இங்கே கவனம் தேவை. மூட்டுக்குள் செலுத்திய வெறும் உப்புநீரும் அழற்சிப் பொருள்களை நீர்க்கச் செய்கிறது, அறையை விரிக்கிறது. போலியாகச் சும்மா இருப்பதில்லை. அத்தகைய ஆய்வுகளுக்கு ‘உப்புநீர் ஒப்பீடு’ என்றே எழுதலாம்.

‘மினிமலி இன்வேசிவ்’, அதாவது உடலைப் பெரிதாகக் கிழிக்காமல் செய்யும் சிகிச்சைக்கு, நீங்கள் சொன்ன ‘குறை ஊடுருவல்’ என்பதில் குறைபாடு தொனிக்கிறது. ‘சிறுதுளைச் சிகிச்சை’ என்றால் ஊசியும், மூட்டுக்குள் நுழைத்துப் பார்க்கும் உள்நோக்கிக் கருவியும் ஒன்றாகிவிடுமோ என்று தயங்குகிறேன். இதற்கு உங்களிடம் வேறு சொல் உண்டா?